ஏ.சி. மூட்டு விலகல்: உடனே அறுவை சிகிச்சையா, பொறுத்துப் பார்க்கலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது. கரூர் மாவட்டத்தில் எலெக்ட்ரீஷியனாக வேலை செய்கிறேன். பன்னிரண்டு நாட்களுக்கு முன் நாய் குறுக்கே வந்ததால் பைக்கிலிருந்து விழுந்ததில் வலது தோள் நேராகத் தரையில் மோதியது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, ஏ.சி. மூட்டு விலகியிருக்கிறது, மூன்றாம் நிலை என்றார்கள். தோளின் மேல் எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது. அழுத்தினால் உள்ளே போய் மறுபடி மேலே வருகிறது. ஒரு டாக்டர், மூன்று வாரத்துக்குள் பிளேட் வைத்துவிட வேண்டும், தாமதித்தால் ஜவ்வு கூடாது என்கிறார். இன்னொருவர், ஆபரேஷனே வேண்டாம், ஸ்லிங் போட்டுக்கொண்டு பயிற்சி செய்தால் போதும், அப்படியே செய்வதென்றாலும் பிளேட் வேண்டாம், பட்டன் போடலாம் என்கிறார். மாமனார் நாட்டுக் கட்டு போட்டு எலும்பை அழுத்திவிடலாம் என்கிறார். சுவரிலும் கூரையிலும் டிரில் பிடிக்காமல் எனக்குப் பிழைப்பு இல்லை. என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தில் கேள்விகள் பல இருந்தாலும், எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே பயம்தான்: மூன்று வாரக் கெடுவுக்குள் முடிவெடுக்காவிட்டால் வாய்ப்பு கைநழுவிப் போய்விடுமோ என்பது. அந்தக் கெடுவில் உண்மையும் உண்டு, மிகையும் உண்டு. அதற்கு முன், உங்கள் தோளில் என்ன நடந்திருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நழுவியிருப்பது தோளின் பந்துக் கிண்ண மூட்டு அல்ல. கழுத்துக்குக் கீழே குறுக்காக ஓடும் காரை எலும்பின் வெளி முனையும், தோள்பட்டை எலும்பின் மேல் விளிம்பான அக்ரோமியனும் சந்திக்கும் சிறிய மூட்டுதான் விலகியிருக்கிறது. ஏ.சி. மூட்டு என்பது இதுதான். இந்த இரண்டு மூட்டுகளின் விலகலையும் மருத்துவர்களே குழப்பிக்கொள்கிறார்கள் என்று ஹிப்போகிரட்டீஸ் காலத்திலேயே எச்சரிக்கை எழுதப்பட்டிருக்கிறது. எனவே உங்கள் உறவினர்கள் ‘தோள் இறங்கிவிட்டது’ என்று சொல்வதில் வியப்பில்லை. அந்தச் சிறு மூட்டைச் சுற்றியுள்ள லிகமென்ட்கள், அதாவது உங்கள் மருத்துவர் ஜவ்வு என்று சொன்ன நார்கள், எலும்பு முன்பின்னாக நகராமல் காக்கின்றன. அதற்குச் சற்று உள்ளே, தோள்பட்டை எலும்பிலிருந்து கொக்கி போல முன்னால் நீளும் கோரகாய்டு என்ற பகுதியையும் காரை எலும்பையும் இணைத்து, கோனாய்டு, டிரபிசாய்டு என்ற இரண்டு வலுவான லிகமென்ட்கள் இருக்கின்றன. கையின் முழு எடையையும் தாங்குபவை இவையே. உறியில் தொங்கும் பானையைப் போல, உங்கள் கை காரை எலும்பிலிருந்து இந்த நார்களால் தொங்குகிறது. கயிறு அறுந்தால் பானைதான் கீழே இறங்குமே தவிர, விட்டம் மேலே போவதில்லை. ஆகவே துருத்திக்கொண்டு நிற்பதாகத் தெரியும் எலும்பு பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதற்குக் கீழேயுள்ள தோளும் கையுமே சரிந்திருக்கின்றன. எலும்பை மேலிருந்து அழுத்திக் கட்டுவதால் ஏன் பயனில்லை என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. மாமனாரின் யோசனைக்குப் பிறகு வருகிறேன்.

நிலைகளைப் பற்றி: இன்று பெரும்பாலான மருத்துவர்கள் பயன்படுத்துவது 1984 முதல் வழக்கத்தில் உள்ள ராக்வுட் பகுப்பு. அதில் ஆறு நிலைகள் உண்டு. முதல் இரண்டும் பகுதி கிழிசல்கள். அவற்றுக்கு அறுவை சிகிச்சை தேவையில்லை என்பதில் கருத்து வேறுபாடு கிடையாது. நான்காம் நிலையில் காரை எலும்பின் முனை பின்னோக்கிச் சென்று தசைக்குள் குத்தி நிற்கும். ஐந்தாம் நிலையில், நல்ல தோளோடு ஒப்பிடும்போது கோரகாய்டுக்கும் காரை எலும்புக்கும் இடையிலுள்ள இடைவெளி இரு மடங்குக்கும் மேல் அதிகரித்திருக்கும். மிக அரிதான ஆறாம் நிலையில் எலும்பு முனை கீழ்நோக்கிப் போய்ச் சிக்கிக்கொள்ளும். இந்த மூன்றுக்கும், குறிப்பாக உடல் உழைப்பு செய்பவர்களுக்கு, அறுவை சிகிச்சையையே பொதுவாகப் பரிந்துரைக்கிறோம். நடுவில் நிற்கும் மூன்றாம் நிலைதான் எலும்பு மருத்துவர்கள் பல்லாண்டுகளாக வாதிட்டுவரும் இடம். உங்கள் இரண்டு மருத்துவர்களும் முரண்படுவது அவர்களில் ஒருவர் திறமைக் குறைவானவர் என்பதால் அல்ல.

ஆனால் உங்கள் காயம் உண்மையிலேயே மூன்றாம் நிலைதானா என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய எக்ஸ்ரே வலது தோளை மட்டும், அதுவும் நேர் கோணத்தில் மட்டும் காட்டுகிறது. இதை வைத்து மூன்றையும் ஐந்தையும் பிரிப்பது கடினம். நான்காம் நிலையைத் தவறவிடுவது எளிது. இரண்டு தோள்களும் ஒரே படத்தில் தெரியும்படி, எக்ஸ்ரே குழாயைப் பத்து முதல் பதினைந்து டிகிரி மேல்நோக்கிச் சாய்த்து எடுக்கும் ‘சான்கா’ கோணப் படமும், எலும்பு பின்னால் போயிருக்கிறதா என்று பார்க்க அக்குள் வழியே எடுக்கும் படமும் வேண்டும். கூடவே, அடிபட்ட கையை மார்புக்குக் குறுக்கே மறுதோள் பக்கம் கொண்டுபோய் ஒரு படம் எடுத்தால், காரை எலும்பு அக்ரோமியன் மேல் ஏறிப் படிகிறதா என்பது தெரியும். ஏறினால் மூட்டு கூடுதலாக நிலைகுலைந்திருக்கிறது என்று பொருள். முன்பெல்லாம் கையில் எடையைக் கட்டித் தொங்கவிட்டுப் படம் எடுப்பார்கள். நோயாளிக்கு வலி தந்ததைத் தவிர அதனால் முடிவு மாறியது அரிது என்பதால் அந்த வழக்கம் இப்போது குறைந்துவிட்டது. எம்.ஆர்.ஐ. எல்லோருக்கும் தேவையில்லை, தோளின் உள்தசைகளில் கிழிசல் இருக்கலாம் என்று பரிசோதனையில் ஐயம் எழுந்தால் எடுக்கலாம்.

படங்கள் மூன்றாம் நிலை என்பதையே உறுதிசெய்கின்றன என்று வைத்துக்கொள்வோம். என் கருத்து, இப்போது பொறுத்துப் பார்க்கலாம் என்பதே. இது வெறும் விருப்பத்தின் பேரில் சொல்வதல்ல. கனடாவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து, ஏ.சி. மூட்டு முழுமையாக விலகிய 83 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குக் கொக்கி பிளேட் வைத்தும் மறு பிரிவினருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலும் மருத்துவம் பார்த்து, 2015-ல் முடிவுகளை வெளியிட்டன. எக்ஸ்ரேயில் பிளேட் வைத்தவர்களின் எலும்பு நேராக இருந்தது. ஆனால் ஆறாவது வாரத்திலும் மூன்றாவது மாதத்திலும் கையை நன்றாகப் பயன்படுத்தியவர்கள் அறுவை சிகிச்சை செய்துகொள்ளாதவர்களே. அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் வரை இரு பிரிவினருக்கும் இடையே செயல்திறனில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. பிளேட்டுக்குப் பதில் புதிய பட்டன் முறையை (இரண்டையும் பிறகு விளக்குகிறேன்) பயன்படுத்தினால் முடிவு மாறுமோ என்று கேட்கலாம். எடின்பரோவில் 60 பேரிடம் அதையும் சோதித்து 2018-ல் வெளியிட்டார்கள். படத்தில் பட்டன் வென்றது, ஓராண்டு முடிவில் கையின் செயலில் வேறுபாடு தென்படவில்லை. அறுவை சிகிச்சை இல்லாத பிரிவிலிருந்த சிலர் தொல்லை தீராமல் பின்னர் அறுவை சிகிச்சைக்கு வந்ததும் உண்மை. அந்தச் சிலரில் நீங்கள் ஒருவரா என்பதை இன்றைய எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. சில வாரங்களுக்குப் பிறகு உங்கள் கை செய்யும் வேலையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு; அது உங்கள் விஷயத்தில் வலுவானதுதான். தலைக்கு மேல் கையைத் தூக்கி, டிரில்லின் அதிர்வைத் தாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் வேலை செய்யும் ஒருவருக்கு, மேசையில் அமர்ந்து வேலை செய்பவரின் அளவுகோல் பொருந்தாது. அதனால்தான் மூன்றாம் நிலையையே நிலையானது, நிலையற்றது என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் வந்திருக்கிறது. மூன்று முதல் ஆறு வாரம் ஸ்லிங்கும் பயிற்சியுமாக விட்டுப் பிறகு பரிசோதிக்கும்போது, வலி தணியாமலும் கை முழுதாக உயராமலும் இருந்தால், அல்லது கையைத் தூக்கி இறக்கும்போது முதுகில் தோள்பட்டை எலும்பு சீராக நகராமல் சிறகு போல வெளியே தள்ளினால், அது நிலையற்ற வகை. அவர்களுக்கு அறுவை சிகிச்சையால் நன்மை உண்டு. இந்தப் பரிசோதனைக்குச் சட்டையைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும், மருத்துவர் முதுகுப் பக்கம் நின்று பார்க்க வேண்டும். நாற்காலியில் உட்காரவைத்து எக்ஸ்ரே உறையை மட்டும் பிரித்துப் பார்த்தால் இது பிடிபடாது.

இனி அந்தக் கெடு. கிழிந்த லிகமென்ட் முனைகள் முதல் மூன்று வாரங்களுக்கு உயிர்ப்போடு, தாமாகக் கூடும் தன்மையோடு இருக்கின்றன. அந்தக் காலத்துக்குள் எலும்புகளைச் சரியான இடத்தில் இழுத்துப் பிடித்து நிறுத்தினால், நார்கள் தாமே ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு அந்தத் தன்மை குறைந்துவிடுவதால், வேறோர் இடத்திலிருந்து நார் எடுத்துப் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும். எனவே தாமதித்தால் அறுவை சிகிச்சையின் வகை மாறும், சற்றுப் பெரிதாகும், வாய்ப்பே போய்விடாது. ஓராண்டு கழித்து வந்தவர்களுக்கும் இதைச் செய்து பலன் கிடைக்கிறது. பொறுத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு எந்த அறுவை சிகிச்சையும் தேவைப்படாமல் போகிறது என்பதையும், எஞ்சிய சிலருக்குச் சற்றுப் பெரிய அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தே பொறுத்திருக்கச் சொல்கிறேன். படங்களில் நான்காம் அல்லது ஐந்தாம் நிலை என்று தெரிந்தால் இந்தக் கணக்கு மாறிவிடும். அப்போது கெடுவை மதித்து இந்த வாரத்திலேயே நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

அறுவை சிகிச்சைதான் என்று முடிவானால், எந்த முறை? முதல் மருத்துவர் சொன்ன பிளேட், கொக்கி பிளேட்டாகத்தான் இருக்கும். அதன் ஒரு பக்கம் காரை எலும்பின் மேல் ஸ்குரூக்களால் பொருத்தப்படும். மறு முனையிலுள்ள கொக்கி அக்ரோமியனுக்கு அடியில் நுழைந்து, நெம்புகோலாக நின்று காரை எலும்பைக் கீழே பிடித்து வைக்கும். பல ஊர்களில் எளிதாகக் கிடைப்பதும், பெரும்பாலான எலும்பு மருத்துவர்களுக்குப் பழக்கமானதும், பிடிமானம் உறுதியானதும் இதன் நற்குணங்கள். குறை, அந்தக் கொக்கி உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கிறது. கையைத் தூக்கும்போதெல்லாம் அது அக்ரோமியனின் அடிப்பகுதியை உரசும்; நாட்கள் போகப்போக எலும்பு அரிக்கலாம், அடியிலுள்ள தசைநாண் உராய்ந்து வலிக்கலாம், அரிதாக அக்ரோமியனே முறியலாம். ஆகவே பிளேட்டை உள்ளேயே விட்டுவிடக் கூடாது. ஏறத்தாழ மூன்று, நான்கு மாதங்களில் எடுத்துவிட வேண்டும். அதுவரை கையைத் தோள் மட்டத்துக்கு மேல் உயர்த்த வேண்டாம் என்று பலரும் கட்டுப்படுத்துவார்கள். அதாவது இரண்டு அறுவை சிகிச்சைகள், இரண்டு முறை மயக்க மருந்து, கூரை வேலைக்கு நீண்ட இடைவெளி. வலி இல்லையே என்று நினைத்து இரண்டாவது அறுவை சிகிச்சைக்கு வராமலே இருந்துவிடுகிறவர்களைக் கண்டுதான் எனக்கு இந்த முறையில் தயக்கம். இதைத் தேர்ந்தெடுத்தால், பிளேட் எடுக்கும் நாளையும் அதற்கான செலவையும் முதல் நாளே பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்டன் முறை வேறு வகை. எண்டோபட்டன், டைட்ரோப் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். காரை எலும்பிலும் கோரகாய்டிலும் சிறு துளையிட்டு, தடித்த பின்னல் நூலை அவற்றின் வழியே கோத்து, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகச் சட்டைப் பொத்தானைவிடச் சிறிய உலோகப் பட்டன்களால் இறுக்குவார்கள். இயற்கையான லிகமென்ட் செல்லும் அதே திசையில் நூல் நிற்பதால் மூட்டின் சிறு அசைவுகள் தடைபடுவதில்லை. தொல்லை தராதவரை இதை எடுக்கவும் வேண்டியதில்லை. நூல் காலம் முழுதும் கையைத் தாங்குவதற்கானது அல்ல, லிகமென்ட் கூடும் வரை இடத்தைப் பிடித்து வைப்பதற்கானது. மூன்று வாரத்துக்குள் என்ற நிபந்தனை இதற்கே மிகவும் பொருந்தும். துளையிடும்போதோ பின்னரோ கோரகாய்டு முறிவது, பட்டன் எலும்பைக் குடைந்து நழுவுவது, பிடி தளர்ந்து எலும்பு மீண்டும் சற்று மேலே தெரிவது ஆகியவை இதன் சிக்கல்கள். இந்த நூல் மேல்கீழ் விலகலைத் தடுக்கும் அளவுக்கு முன்பின் அசைவைத் தடுப்பதில்லை என்பதால், இப்போது பலர் ஏ.சி. மூட்டின் குறுக்கேயும் ஒரு நூல் கட்டைச் சேர்க்கிறார்கள். அதைச் செய்வாரா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்பது பொருத்தமான கேள்வியே. துளைவழிக் கருவியால் செய்வதா, நான்கைந்து சென்டிமீட்டர் திறந்து செய்வதா என்பது அவரது பழக்கத்தைப் பொறுத்தது. கோரகாய்டின் அடியில் முக்கியமான நரம்புகளும் ரத்தக் குழாய்களும் ஓடுகின்றன. அந்த இடத்தில் தழும்பின் நீளத்தைவிடக் கைப்பழக்கத்துக்கே நான் மதிப்பளிப்பேன்.

மாதங்கள் கடந்து செய்யும் அறுவை சிகிச்சையில் மேலே சொன்ன பட்டன் மட்டும் போதாது. முழங்காலின் உட்புறத்திலிருந்து செமிடென்டினோசஸ் என்ற தசைநாணை எடுத்து, கோரகாய்டின் அடியில் வளைத்து, இரண்டு லிகமென்ட்களும் இயற்கையில் பற்றியிருக்கும் இடங்களில், அதாவது காரை எலும்பின் வெளி முனையிலிருந்து ஏறத்தாழ 30 மி.மீ., 45 மி.மீ. தொலைவுகளில், துளைகளிட்டுக் கட்டுவது இன்று பரவலான முறை. இந்தத் தசைநாணை எடுப்பதால் பெரும்பாலோருக்கு நடப்பதில் தொல்லை இருப்பதில்லை. புதிய நார் பற்றிக்கொள்ளும் வரை சுமையைத் தாங்க அதனோடு பட்டனோ தடித்த நூலோ சேர்ப்பார்கள். துளைகள் பெரிதானால் காரை எலும்பு அந்த இடத்தில் முறியலாம் என்பது இதற்கே உரிய ஆபத்து. 1972-ல் வீவரும் டன்னும் விவரித்த பழைய முறையில், அக்ரோமியனில் இருக்கும் வேறொரு லிகமென்ட்டைப் பிரித்துக் காரை எலும்பின் முனைக்கு மாற்றுவார்கள். அது இயற்கையான நார்களைவிட வெகுவாக வலுக் குறைந்தது. உங்களைப் போன்ற உழைப்பாளிக்கு அதை மட்டும் தனியாகச் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காரை எலும்பையும் கோரகாய்டையும் நேரடியாக ஒரு ஸ்குரூவால் பிணைக்கும் பாஸ்வொர்த் முறை 1941 முதல் இருக்கிறது. கையைத் தூக்கும்போது காரை எலும்பு தன் அச்சில் சுழலும் என்பதால் அந்த ஸ்குரூ தளரும் அல்லது உடையும். இப்போது அரிதாகவே செய்கிறார்கள். மூட்டின் குறுக்கே வெறும் கம்பிகளைச் செலுத்தும் முறையை யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்தக் கம்பிகள் இடம்பெயர்ந்து நுரையீரல், இதயம் வரை போன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

எந்த முறையானாலும் சில பொதுவான செய்திகள் உண்டு. கிருமித்தொற்று, தோள் இறுகிப்போதல் ஆகிய இரண்டும் எல்லா முறைகளிலும் வரக்கூடியவை; சர்க்கரை நோய் இருந்தால் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே செய்ய வேண்டும், புகைப்பழக்கம் இருந்தால் நிறுத்த வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் படத்தில் எலும்பு சிறிதளவு மேலேறித் தெரிவது அரிதல்ல. வலியும் பலவீனமும் இல்லையென்றால் அதற்காக மறுபடி கத்தி வைப்பதில்லை. துருத்தல் அழகைக் கெடுக்கிறது என்பதற்காக மட்டும் அறுவை சிகிச்சை கேட்பவர்களிடம், மேட்டுக்குப் பதிலாகத் தழும்பு கிடைக்கும் என்று சொல்லிவிடுவேன்.

வருமானத்தைப் பற்றிய கணக்கும் முக்கியம். பட்டன் அல்லது தசைநாண் வைத்த பிறகு ஏறத்தாழ ஆறு வாரம் ஸ்லிங், அதற்கிடையில் மற்றவர் தாங்கிப் பிடிக்கச் செய்யும் மெல்லிய அசைவு, பிறகு தானாகத் தூக்கும் பயிற்சி, மூன்றாம் மாதத்துக்குப் பின் வலுவூட்டல், கனமான வேலைக்குத் திரும்ப நான்கு முதல் ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சை இல்லாத வழியில் இரண்டு, மூன்று வாரங்களில் ஸ்லிங்கைக் கழற்றலாம். வலி விட்ட அளவுக்குக் கையை அசைக்கலாம். ஆறு வாரத்தில் வலுவூட்டும் பயிற்சியைத் தொடங்கலாம். ஏறத்தாழ மூன்று மாதத்தில் பலர் பழைய வேலைக்குத் திரும்புகிறார்கள். ஆனால் ஸ்லிங்கைக் கழற்றியதோடு பிசியோதெரபியையும் நிறுத்திவிட்டால் இந்தக் கணக்கு நிற்காது. சரிந்த தோள்பட்டையை இனித் தாங்கப்போவது முதுகுத் தசைகள்தான். அவற்றைப் பழக்க வேண்டும். முதல்வரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், பரிந்துரைக்கப்படும் முறையும் அதற்கான பட்டன் அல்லது பிளேட்டும் அதில் அடங்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேளுங்கள்.

மாமனாரின் யோசனைக்கு வருகிறேன். எலும்பை அழுத்திக் கட்டும் கட்டு நாட்டு வைத்தியத்துக்கு மட்டும் உரியதல்ல. நவீன மருத்துவத்திலும் அதற்கெனவே செய்த வார்ப்பட்டைகள் இருந்தன. வாரக்கணக்கில் இடைவிடாமல் அழுத்தினால்தான் எலும்பு இறங்கி நிற்கும், அந்த அழுத்தத்தில் தோல் புண்ணாகும், புண்ணுக்காகக் கட்டைத் தளர்த்தினால் எலும்பு பழைய இடத்துக்கே போகும் என்பதைக் கண்டு நாங்களே கைவிட்டோம். உருவி இழுத்துவிடுவதும் வேண்டாம். கூடத் தொடங்கியிருக்கும் நார்கள் மீண்டும் பிரியும். பெரியவரிடம் மறுத்துப் பேசச் சங்கடமாக இருந்தால் என் பெயரில் சொல்லிவிடுங்கள்.

இந்த வாரம் நான் சொன்ன மூன்று படங்களையும் எடுத்து, இரண்டு மருத்துவர்களில் உங்களுக்கு நம்பிக்கையுள்ளவரிடம் காட்டுங்கள். கை மரத்துப்போவது, விரல்களில் பலம் குறைவது, துருத்திய இடத்தில் தோல் வெளுத்து மெலிவது, மூச்சு விடும்போது மார்பில் வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே போங்கள். மூன்றாம் நிலை என்று உறுதியானால் ஸ்லிங்குடன் விரல், மணிக்கட்டு, முழங்கை அசைவுகளை இன்றே தொடங்கி, அடிபட்ட நாளிலிருந்து ஆறாவது வாரத்தில் மறுபரிசோதனைக்கு நாள் வாங்கிக்கொள்ளுங்கள். அன்று கேட்க வேண்டியது, தோள்பட்டை சீராக நகர்கிறதா என்பதும், கூரை வேலையை எப்போது, எவ்வளவு நேரம் தொடங்கலாம் என்பதும். அறுவை சிகிச்சை தேவை என்று அப்போது சொன்னால், தசைநாண் வைத்துக் கட்டும் முறையை அடிக்கடி செய்பவர் யார் என்று அவரிடமே கேளுங்கள். தாமே செய்யாதவராக இருந்தால் தகுந்தவருக்குக் கடிதம் கொடுத்து அனுப்புவார்.